சுதந்திரம் வந்த தெருக்கள்: வடசென்னையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்: பாரிமுனை

என் தாத்தா பர்மாவில் பெகு பக்கம் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக வேலை பார்த்தவர். கடை என்றால் வட்டிக்கடை. 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ரங்கூன் காலியானபோது மலையும் காடுமாக நடந்து மணிப்பூர் வந்து, அப்புறம் ரயிலேறி தேவகோட்டை வந்து சேர்ந்தார். ஒவ்வோர் ஆகஸ்ட் 15-க்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். அதே தாத்தா பர்மா பேச்சை எடுத்தால் மட்டும், "அவனுக்குச் சுதந்திரம் வந்துச்சு, நமக்குச் சோறு போச்சு" என்பார். ஒரே மனிதருக்கு ஒரு நாட்டின் விடுதலை மிட்டாயாகவும் இன்னொரு நாட்டின் விடுதலை வயிற்றெரிச்சலாகவும் இருந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இந்த விடுமுறைக்கு வடசென்னை வந்தது அதனால்தான். வியாசர்பாடியில் தாத்தாவின் தங்கை மகள் இருக்கிறார், எனக்கு அத்தை முறை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை மூன்று நாள் கையில் இருக்கிறது. பள்ளியில் வரலாறு எடுக்கிறவள் நான். 'மக்கள் போராடினார்கள்' என்று கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த மக்கள் யார் யார், போராட்டம் அவரவர் அடுப்பை என்ன செய்தது என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்க்க ஆசை.

தங்கியிருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில், கூடப் படித்த தோழி வீட்டில். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் துணி ஏற்றுமதி செய்த காலத்தில் அதை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் அது. காலையில் பாரிமுனையில் இறங்கினேன். உயர் நீதிமன்றத்து மதிலோரம் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. எரிந்த தொட்டிகள் பர்மா ஆயில் கம்பெனியுடையவை. பர்மாவைத் தேடி வந்தவளுக்கு முதல் கல்லிலேயே பர்மா.

இதே முனையில்தான் 1928 பிப்ரவரி 3-ஆம் தேதி, சைமன் கமிஷனுக்கு எதிரான கடையடைப்பின்போது போலீஸ் சுட்டது. காங்கிரஸ் தலைவர் டி.பிரகாசம் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார். பிராட்வே இன்று பிரகாசம் சாலை. அவருடைய துணிச்சலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் கோடவுன் தெருவுக்குள் நுழைந்தேன்.

மொத்த வியாபாரத் துணிக்கடைகள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்கின்றன. பேல்களை ஏற்றிக்கொண்டு மீன்பாடி வண்டிகள் வழி கேட்டுக் கத்திக்கொண்டே போகின்றன. 1930-களின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் அந்நியத் துணிக் கடைகள் முன்னால் மறியல் நடந்தது. தொண்டர்கள் அடிபட்டார்கள், சிறை போனார்கள். அந்தத் தியாகம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மறியலின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக ஏறவில்லை. பெரிய முதலாளி மான்செஸ்டர் பேலை மூடி வைத்து ஒரு வருஷம் காத்திருக்க முடியும். சரக்கைக் கடனுக்கு எடுத்த சின்னக் கடைக்காரரால் முடியாது. அன்றாடம் பேல் தூக்கிக் கூலி வாங்குகிறவருக்குக் கடை அடைத்த நாள் பட்டினி நாள். கைத்தறி நெசவாளர்களிலும் பலர் மில் நூலை நம்பியவர்கள், மெல்லிய ரகத்துக்கு வெளிநாட்டு நூலைத்தான் தறியில் ஏற்றினார்கள். கதரே கட்டுங்கள் என்ற குரல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் மறியலைப் பற்றிக் கேட்டேன். "எங்க அப்பா காலம்மா அது. கடைய மூடிட்டு ஊருக்குப் போயிட்டாராம். எத்தன நாள்னு சொல்ல மாட்டார். அந்தப் பேச்சே அவருக்குப் புடிக்காது" என்றார். மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி: பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு

இன்று காலையிலிருந்து மாலை வரை நடந்தது சின்ன வட்டம்தான். ஆனால் எழுத நிறைய இருக்கிறது.

முதலில் வ.உ.சி. கப்பல் விட்டவர், செக்கிழுத்தவர் என்று புத்தகம் முடித்துவிடும். 1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது கிடையாது, கப்பல் கம்பெனி கிடையாது, கையில் காசும் கிடையாது. சென்னையில் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்த அவர் பெரம்பூரிலும் குடியிருந்தார். அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றப் பார்த்தார். பெரம்பூர் நெடுஞ்சாலையில் ஒரு மளிகைக் கடை முன்னால் நின்று அதை நினைத்துக்கொண்டேன். போராட்டம் தன் தலைவர்களில் ஒருவரையே இப்படிக் கைவிட்டிருக்கிறது.

அப்புறம் மில். பக்கிங்ஹாம் மில், கர்னாடிக் மில், இரண்டும் பின்னி கம்பெனியுடையவை. இங்குள்ளவர்களுக்கு இன்றும் 'பின்னி மில்' என்றால் போதும். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்கு வேண்டிய காக்கித் துணி இங்கே ராப்பகலாக நெய்யப்பட்டது. 1996-ல் மூடிவிட்டார்கள். சிவப்புச் செங்கல் சுவரில் மிச்சம் இருக்கும் துண்டுக்கு மேலே அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. சுவரோரம் இளநீர் விற்றவரின் அப்பா, சித்தப்பா, தாய்மாமா மூன்று பேருமே மில்லில் வேலை பார்த்தவர்கள். "சங்கு ஊதுனா அம்மா அடுப்பப் பத்த வைக்கும். அதான் எங்க ஊட்டுக் கடிகாரம்" என்றார்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் இந்தச் சுவருக்கு வெளியேதான் பிறந்தது. 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இங்கே பஜனையும் சொற்பொழிவும் நடத்திக்கொண்டிருந்த ஒரு சபைக்காரர்கள். தொழிலாளிகளின் குறையைக் கேட்டுக் கேட்டு, அன்னி பெசன்டின் தோழரான பி.பி.வாடியாவிடம் போனார்கள். வாடியா பார்சி, பிரம்மஞான சபைக்காரர். திரு.வி.க. வந்து தமிழில் பேசினார். முதலில் கேட்டது சுயராஜ்யம் இல்லை. சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்தச் சில நிமிஷத்தில் தொடங்கி இரண்டே வருஷத்தில் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1920 டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டுத் தடையும் வாங்கியது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கு ஒரு பெரிய காரணம்.

இதுவரை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இனி எழுதப்போவதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

1921-ல் பின்னி மில்களில் மறுபடி வேலைநிறுத்தம். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி உள்ளே போனார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா வேலைக்குப் போகச் சொன்னார். பகை முற்றிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எரிந்தவை ஆதிதிராவிடர் குடிசைகள். அடிதடி, கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு என்று பல உயிர்கள் போயின. வீடிழந்தவர்களை அரசாங்கம் முகாம்களில் தங்கவைத்து அரிசி கொடுத்தது. அதையே சலுகை என்று நீதிக்கட்சியினரும் குறை பேசினார்கள். ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்துத் தோற்றது. சங்கம் உடைந்துபோனது.

வேலைக்குப் போனவர்களைக் கருங்காலி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். முந்தைய கதவடைப்பிலேயே கடன் வாங்கித் தின்றவர்கள் அவர்கள். வேலை போனால் திரும்பிப் போக ஊரில் ஒரு காணி நிலம் கிடையாது. ஊர் என்பது அவர்களுக்குச் சேரி, சேரி என்பது மிராசுதாரின் அடிமைத்தனம். மாறாக, மில் அவர்களுக்குக் காசாகக் கூலி தந்த இடம், கைகட்டி நிற்காமல் நடந்த இடம். ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1907-லிருந்து நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார். கிணற்றில் தண்ணீர் மொள்ள விடாதவர்கள் வெள்ளைக்காரனிடம் உரிமை கேட்கிறார்களே, அந்த உரிமை யாருக்கு வரப்போகிறது என்பதுதான் அதன் சாரம். அவர் 1914-ல் இறந்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி புளியந்தோப்பில் கூரையோடு எரிந்தது.

வெளியே நின்றவர்களும் பட்டினி கிடந்தார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரு.வி.க. போன்றவர்கள் தங்கள் வீட்டுச் சோற்றைப் பணயம் வைத்து அவர்களுக்காக நின்றவர்கள். ஆனால் கூட நில் என்று சொல்லும் முன் கூட உட்கார வைத்துச் சோறு போட்டிருக்க வேண்டும். அதை அந்தக் காலம் செய்யவில்லை.

சாயங்காலம் புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் நடந்தேன். ஆட்டுத்தொட்டி வாடை, வெல்டிங் பட்டறை, ஒரு மூலையில் நீலக்கோட்டு அம்பேத்கர் சிலை. சிலைக்குப் பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் 1921 பற்றிக் கேட்டேன். ஒருவன், "அக்கா, எங்க ஆயாவோட அப்பா குடிசையும் எரிஞ்சுதாம். ஆயா சொல்லும்" என்றான். மற்றவர்கள் காய் அடிப்பதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள், சனி: பெரம்பூர் ரயில்வே

கால் வலி. இன்று அதிகம் நடக்கவில்லை. பெரம்பூர் ரயில்வே பட்டறைப் பக்கமும் லூர்து மாதா கோயில் பக்கமும் சுற்றியதோடு சரி.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருந்தார்கள். எஞ்சின் டிரைவர், கார்டு, ஃபோர்மேன், தந்தி அலுவலகம், சுங்கம், இவையெல்லாம் அவர்களுக்கென்றே ஒதுக்கிவைத்த மாதிரி இருந்த வேலைகள். சுதந்திரப் போராட்டத்தில் ரயில் வேலைநிறுத்தம் வந்தால் வண்டியை ஓட்டியவர்கள் என்று அவர்கள் மேல் கோபம் உண்டு. வெள்ளைக்காரனோ அவர்களைச் சமமாக நடத்தியதில்லை. 1947-ல் எந்தக் கொடியின் கீழ் நிற்பது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அரசியல் சாசனம் கொஞ்சம் பெரிய மனதோடு நடந்துகொண்டது. ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்துப் பத்து வருஷத்தில் நிறுத்தியது. மக்களவையில் இரண்டு நியமன இடம் கொடுத்தது. அந்த இரண்டு இடமும் 2020-ல் போய்விட்டன. ஆனால் அதற்கு வெகு முன்பே பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிவிட்டார்கள்.

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த ஒரு மூதாட்டியோடு பேசினேன். அவர் பேசிய தமிழ் அசல் பெரம்பூர்த் தமிழ். அக்கா தங்கைகள் எல்லாரும் பெர்த் நகரத்தில். "நான் மட்டும் போவல. எங்கப்பா இங்கதான் அடக்கம், யாரு பூ வெக்கிறது?" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு: வியாசர்பாடி, பர்மா பஜார்

வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கினேன். போராட்டக்காரர் பெயரில் ஒரு ரயில் நிலையம், நடைமேடை முழுக்க மூட்டையும் கூடையும். அத்தை வாசலில் நின்று கை காட்டினார். "வா கண்ணு, எளச்சுப் போயிட்டியே" என்று கன்னத்தை வழித்தார். எழுபது தாண்டிவிட்டது, முதுகு மட்டும் வளையவில்லை.

அத்தை பிறந்தது ரங்கூன் பசுண்டௌங்கில், 1964-ல் பன்னிரண்டு வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். போர் முடிந்ததும் அவருடைய அப்பா அம்மா மறுபடி பர்மா போய்விட்டார்கள். அங்கே அரிசி ஆலையில் கணக்கு வேலை. தாத்தா மட்டும் போகவில்லை.

அத்தை சொன்னதை எழுதும் முன், தாத்தா சொல்லாததை எழுதிவிடுகிறேன். அவர் வேலை பார்த்த மாதிரிக் கடைகள் கீழ் பர்மா முழுக்க இருந்தன. காடு திருத்தி நெல் போட்ட பர்மிய விவசாயிக்கு வேறு யாரும் கடன் தரவில்லை, செட்டியார்தான் தந்தார். 1930-ல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியவில்லை. அடமான நிலம் கைமாறியது. நெல் விளையும் முக்கியமான பதின்மூன்று மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை அவர்கள், பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள். ஆனால் தான் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்றவனுக்கு இந்த வித்தியாசம் என்ன ஆறுதல்? அந்தப் பேரேட்டில் என் தாத்தாவின் கையெழுத்தும் இருந்திருக்கும்.

அந்த வருஷங்களில்தான் பர்மிய இளைஞர்கள் பெயருக்கு முன்னால் 'தாக்கின்' என்று போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் 'துரை' என்போமே, அந்த மாதிரி வெள்ளைக்காரனை அழைத்த சொல். இந்த நாட்டுக்கு நாங்கள்தான் துரை என்று அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆங் சான் அவர்களில் ஒருவர். அவர்கள் கண்ணில் ஆட்சி செய்தவன் வெள்ளைக்காரன், கூடவே வந்தவன் இந்தியன். 1931-ல் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930-ல் நடந்த கலவரத்தில் அடிபட்டவர்களில் பலர் செட்டியார்கள் இல்லை, துறைமுகத்திலும் ஆலையிலும் மூட்டை தூக்கிய தெலுங்கு, தமிழ்க் கூலிகள். கோபம் வட்டிக்கடை மேல், அடி கூலிக்காரன் மேல்.

1942-ல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் கிளம்பினார்கள். வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். நல்ல பாதை வெள்ளையருக்கு, கெட்ட பாதை நமக்கு என்ற குமுறல் அப்போதே எழுந்தது. தங்கியவர்களில் சிலர் நேதாஜி படையில் சேர்ந்து இந்திய விடுதலைக்காகப் பர்மா மண்ணில் நின்றார்கள். 1948 ஜனவரி 4, விடிகாலை 4.20-க்கு, சோதிடர்கள் குறித்த நேரத்தில் பர்மா விடுதலை பெற்றது. ஆங் சான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, முந்தைய ஜூலையிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வெள்ளைக்காரனோடு நின்ற கரென் என்ற சிறுபான்மை இன மக்கள் ஒரு வருஷத்தில் ஆயுதம் எடுத்தார்கள். செட்டியார் நிலங்கள் சட்டப்படி அரசுக்குப் போயின. 1962-ல் ராணுவம் வந்தது, 1964-ல் கடைகளைப் பிடுங்கியது, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அந்தப் பத்தாண்டில் இந்தியா திரும்பியவர்கள் மூன்று லட்சம் போல.

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். "நீ தேதி சொல்ற. எனக்குத் தேதி தெரியாது கண்ணு. எங்கப்பா ஒரு நாள் சாயங்காலம் வந்து நோட்டக் கட்டில்ல கொட்டி, இது இனிமே காகிதம்னாரு. நாங்க அதுல கப்பல் செஞ்சு வெளயாடுனோம். அம்மா அடிச்சாங்க" என்றார்.

மதியம் தாண்டி இருவரும் பர்மா பஜார் போனோம். கடற்கரை நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையோரம், திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் உருவான கடைகள். இப்போது சார்ஜரும் வாசனைத் திரவியமும் விற்கிறார்கள். பக்கத்துத் தெருவில் அத்தோ வண்டி. கையாலேயே நூடுல்ஸும் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் பிசைந்து, பேஜோ என்ற பொரித்த பலகாரத்தை நொறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் இங்கே நிலைக்கவுமில்லை. மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். தாத்தா நடந்து வந்த அதே திசை.

"பர்மாக்காரங்க மேல கோவம் இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். கப்பலேறும்போது சுங்கத்தில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டதும், தோடு கழற்ற வராமல் யாரோ ஒரு பாட்டி அழுததும் அவருக்கு நினைவிருக்கிறது. அவருடைய அம்மாவின் நான்கு வளையல் மட்டும் போகவில்லை. முந்தின ராத்திரியே பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி வந்து, அங்கே கொடுப்பதற்கு என்னிடம் கொடு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள் என்று முந்தியில் முடிந்துகொண்டு போனாராம். அந்தப் பெண்மணியின் தகப்பனார் கீழ் பர்மாவில் வயலைக் கடனுக்கு விட்டுவிட்டு ரங்கூனுக்குக் கூலி வேலைக்கு வந்தவர். யார் கடைக்கு விட்டார் என்று அத்தைக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் யாராவது போனா சொல்லு கண்ணு" என்றார் அத்தை. "பசுண்டௌங்ல எறங்கி, அரிசி மில்லு பெரிய சுவர் வரும், அத ஒட்டியே போனா ஒரு புளியமரம். மரத்துக்கு எதுத்த மரவீடு. எங்கம்மா பேரச் சொன்னாப் போதும்."